சனிக்கிழமை பான்கேக்

மார்ச் முதல் கிழமையில் மயூரா தொலைபேசி எடுத்தாள். கிருஷ்ணராசா அப்போது ஸ்ட்ரெதமில், நவரத்தினத்தின் சிக்கன் கடையின் பின்பக்கம் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். அமெரிக்க இலக்கம் என்று கண்டதும் கையைக்கூடத் துடைக்கவில்லை.

"தங்கச்சிக்குக் கலியாணம். இல்ஃபோர்டில. ஏப்ரல் லீவுக்கு வாறம்," என்றாள். "துஷ்யாவும் வாறாள்."

அவன் கத்தியை வைத்துவிட்டுப் பின்கதவுக்கு வெளியே வந்தான்.

"கேக்குதோ?"

"ஓம், கேக்குது. சொல்லும்."

"பதினெட்டாந் தேதி, சனிக்கிழமை காலமை கொண்டுவந்து விடுறன். ஒன்பதிலயிருந்து பன்னிரண்டு மட்டும். பின்னேரம் வீட்டில சடங்கு இருக்கு. உங்களோடயும் ஒரு விஷயம் கதைக்க வேணும். அது நேரில."

மூன்று மணித்தியாலம். மகளைக் கடைசியாகக் கண்டபோது அவளுக்கு ஐந்து வயது. இப்போது பத்து.

கிருஷ்ணராசா ஏழு வருடங்கள் நியூ ஜெர்சியில், ஒரு நெடுஞ்சாலையோர டைனரில் சமையல்காரனாக இருந்தவன். நிக் என்ற கிரேக்கக் கிழவருடைய கடை அது. கள்ளமாக நாட்டுக்குள் போனவன். அகதிக் கேஸ் தோற்ற பிறகும் அங்கேயே இருந்துவிட்டான். மயூராவைக் கட்டியதும், துஷ்யா பிறந்ததும் அங்கேதான். 2004இல் ஒரு நாள் வேலைக்குப் போகும் வழியில், காரின் பின்விளக்கு எரியவில்லையென்று பொலிஸ்காரன் மறித்தான். மூன்று மாதம் தடுப்பில் வைத்துக் கொழும்புக்கு விமானம் ஏற்றினார்கள். பத்து வருடத்துக்கு அமெரிக்கா பக்கம் தலைவைக்கக் கூடாது என்பது உத்தரவு. மயூரா ஒன்றரை வருடம் பார்த்தாள். பிறகு விவாகரத்துப் பத்திரம் வந்தது. அவள் செல்வரத்தினம் என்ற மருந்தாளரைக் கட்டினாள். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொன்னார்கள். கிருஷ்ணராசா ஒரு ஏஜென்சிக்காரனைப் பிடித்து லண்டனுக்கு வந்து, இங்கேயும் ஒரு கேஸைப் போட்டுவிட்டு, மாதத்துக்கு ஒருமுறை போய்க் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தான்.

மூன்று மணித்தியாலத்தில் ஒரு பிள்ளையோடு என்ன செய்வது? அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் மயூரா முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போய்விடுவாள். அவன் துஷ்யாவையும் டைனருக்குக் கூட்டிக்கொண்டு போவான். அடுப்படியிலிருந்து பார்த்தால் தெரிகிற மேசையில் அவளை இருத்துவான். டொலோரஸ் என்ற பரிசாரகி கலர்ப் பென்சில் கொண்டுவந்து கொடுப்பாள். அவன் மகளுக்கென்று சின்னஞ்சிறு பான்கேக் பத்துச் சுட்டு அனுப்புவான். அவள் ஒவ்வொன்றாக எண்ணித் தின்பாள். ஏழுக்குப் பிறகு எட்டு அவளுக்கு எப்போதும் தவறிவிடும்.

லண்டனில் அமெரிக்கன் டைனர் என்று பெயர்ப்பலகை வைத்த கடைகள் இருந்தன. மார்ச் மாதத்து ஞாயிறுகளில் அவன் ஒவ்வொன்றாகப் போய்ச் சாப்பிட்டுப் பார்த்தான்.

முதலாவது கடை நகரத்தின் நடுவில் இருந்தது. சிவப்புத் தோல் இருக்கை, சுவரில் அமெரிக்கக் கார்களின் நம்பர் பிளேட், மூலையில் காசு போட்டாலும் பாடாத பாட்டுப்பெட்டி. பேக்கன் கேட்டான். இங்கிலாந்துக்காரர் சாப்பிடுகிற அகலமான, தசைப்பிடிப்பான பேக்கன் வந்தது, வெள்ளையாய், வியர்த்துப்போய். நிக்கின் கடையில் அது நாடாவைப்போல நீளமாய், முறித்தால் சத்தம் கேட்கிற மாதிரி இருக்கும். முட்டையைப் புரட்டிப் போடச் சொன்னான். அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. தட்டின் ஓரத்தில் தக்காளிச் சாறு ஊறிய அவரைப் பயறு குவிந்து கிடந்தது. கோப்பி முடிந்து கால் மணித்தியாலம் பார்த்திருந்தான். யாரும் வந்து ஊற்றவில்லை. கேட்டபோது, இன்னொன்று ஓர்டர் பண்ணலாம் என்றார்கள். நிக்கின் கடையில் கோப்பைக்கு மேல் கையை வைத்து மறித்தால்தான் ஊற்றுவதை நிறுத்துவார்கள்.

இரண்டாவது கடையில் பான்கேக் மைக்ரோவேவிலிருந்து வந்தது. விளிம்பு தோலாகவும் நடு ஈரமாகவும் இருந்தது. மூன்றாவது கடையில் உருளைக்கிழங்கு கேட்க, உறைந்த பெட்டியிலிருந்து எடுத்துப் பொரித்த முக்கோணம் இரண்டு வந்தது. உண்மையானது எப்படியென்று அவனுக்குக் கை நினைவாகத் தெரியும். முதல் நாளே கிழங்கை அவித்து ஆறவிட்டு, காலையில் துருவி, சூடான இரும்புத் தட்டில் பரப்பி, தொடாமல் விட வேண்டும். அவசரப்பட்டுக் கிளறினால் களியாகிவிடும். கீழ்ப்பக்கம் பொன்னிறமாகித் தட்டிலிருந்து சட்டென்று விடும்வரை பொறுத்திருக்க வேண்டும். நிக் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே ஒரு விஷயம் அந்தப் பொறுமைதான். மற்றெல்லாம் அவன் பார்த்துப் பழகியது.

மூன்றாவது கடையில் அவன் பாதியில் எழும்பிவிட்டான். பரிசாரகன் ஓடிவந்து, சாப்பாட்டில் ஏதும் பிழையா என்று கேட்டான்.

"பிழையில்லை," என்றான் கிருஷ்ணராசா. "நல்லாயிருக்கு."

ஏப்ரல் இரண்டாங் கிழமையில் நவரத்தினத்திடம் கேட்டான். "அண்ணை, பதினெட்டாந் தேதி காலமை கடையை எனக்கு விடுவீங்களோ? பதினொரு மணிக்கு முதல் எல்லாம் துடைச்சு வைச்சுடுவன்."

நவரத்தினத்துக்கு அந்த நாட்களில் கடையில் கவனமே இல்லை. அவருடைய அண்ணன் குடும்பம் வன்னியில் சண்டைக்குள் அகப்பட்டிருந்தது. ஜனவரிக்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. ஏப்ரல் ஆறாந் தேதியிலிருந்து நாடாளுமன்றத்துக்கு முன்னால், சண்டையை நிறுத்தச் சொல்லிச் சனம் கூடியிருந்தது. அவரும் நாள்தோறும் அங்கே போய் நின்றுவிட்டு வந்தார். சத்தம் போட்டுப்போட்டுக் குரல் அடைத்துப்போயிருந்தது.

"என்னத்துக்கு?"

"மகள் வாறாள். அவளுக்குக் காலமைச் சாப்பாடு செய்து குடுக்க வேணும்."

நவரத்தினம் அவனை நிமிர்ந்து பார்த்தார். கிருஷ்ணராசாவுக்குக் கூச்சமாக இருந்தது. ஊர்ச்சனம் பதுங்குகுழிக்குள் கஞ்சியில்லாமல் கிடக்கிறது, இவன் பான்கேக்கைப் பற்றி யோசிக்கிறான்.

"கடைத் திறப்பை வைச்சிரு," என்று சாவிக்கொத்தை நீட்டினார். "பதினொண்டுக்கு அவசரப்படாத. அண்டைக்கு நான் பின்னேரந்தான் திறப்பன்."

பான்கேக் மாவுக்கு வேண்டிய மோர் ஒரு போலந்துக்காரன் கடையில் கிடைத்தது. மெல்லிய கொழுப்புப் பேக்கனை இறைச்சிக்கடைக்காரனிடம் சொல்லி வெட்டுவித்தான். பான்கேக்கின் மேல் ஊற்றுகிற மேப்பிள் பாணி எல்லாக் கடையிலும் இருந்தது. ஆனால் நிக்கின் கடையில் ஊற்றியது சோளச் சீனிப்பாகில் நிறம் போட்டது. அது ஓரிடத்திலும் இல்லை. கடைசியில் தானே சீனியைக் கருக்கிக் காய்ச்சினான். வெள்ளிக்கிழமை முழுக்க இரும்புத் தட்டைச் சுரண்டினான். கோழி எண்ணெய் மணம் போகவேயில்லை.

சனிக்கிழமை ஒன்பது பத்துக்கு மயூரா வந்தாள். அவள் கொஞ்சம் உடம்பு வைத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் நீலச் சட்டையோடு, கண்ணாடி போட்ட, உயரமான ஒரு பிள்ளை நின்றது. தெருவில் கண்டிருந்தால் விலகி வழிவிட்டுப் போயிருப்பான்.

"துஷ்யா, ஹலோ சொல்லுங்கோ," என்றாள் மயூரா.

"ஹலோ," என்றாள் பிள்ளை.

கட்டிப்பிடிக்கலாமோ என்று கிருஷ்ணராசா யோசித்துக்கொண்டிருக்க, அவள் கையை நீட்டினாள். அவன் கையைக் குலுக்கினான்.

மயூரா போய்விட்டாள். அவன் கதவைப் பூட்டி, கடையின் இரண்டு மேசைகளில் ஜன்னலோரத்து மேசையில் மகளை இருத்தினான். கலர்ப் பென்சில் பெட்டியொன்று வாங்கி வைத்திருந்தான். அவள் அதைப் பார்த்துவிட்டு, மரியாதைக்கு ஒரு பென்சிலை எடுத்து, திரும்ப உள்ளே வைத்தாள்.

அவள் பேசியதெல்லாம் ஆங்கிலம். நடுவில் ஒன்றிரண்டு தமிழ்ச் சொல் விழும். அவனும் டைனரில் கற்ற ஆங்கிலத்தில் பேசினான். பள்ளிக்கூடம் எப்படி, நீச்சல் தெரியுமா, நண்பர் யார் என்று கேட்டுக்கொண்டே தட்டைச் சூடாக்கினான். அவள் ஒவ்வொரு கேள்விக்கும் அளவாகப் பதில் சொன்னாள்.

கிழங்கு அன்றைக்கு அவன் நினைத்தபடி வந்தது. ஓரம் சட்டென்று விட்டது. பேக்கன் சுருண்டு நொறுங்கியது. கடைசியில் பான்கேக் பத்து, ஒவ்வொன்றும் உள்ளங்கைக் குழிக்குள் அடங்குகிற அளவு. தட்டைக் கொண்டுபோய் அவளுக்கு முன்னால் வைத்து, பாகையும் வைத்தான்.

துஷ்யா தட்டைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"என்னம்மா?"

"இண்டைக்குச் சனிக்கிழமை," என்றாள். அதைத் தமிழிலேயே சொன்னாள். "நாங்கள் வீட்டில சனிக்கிழமை மரக்கறி. முட்டையும் இல்லை. அப்பாவுக்கு..." சொல்லிவிட்டு நிறுத்தினாள். முகம் சிவந்துவிட்டது.

"பரவாயில்லை," என்றான் கிருஷ்ணராசா. "அதுக்கென்ன. பரவாயில்லை."

பேக்கனை எடுத்து வேறு தட்டில் வைத்தான். பான்கேக்கில் முட்டை இருந்தது. அவன் அதையும் எடுக்கக் கை நீட்டியபோது துஷ்யா தட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்தாள்.

"இதை நான் சாப்பிடுறன். அம்மாட்டச் சொல்ல வேண்டாம்."

அவள் ஒன்றை முள்ளுக்கரண்டியால் குத்தி எடுத்துத் தின்றாள். பிறகு இன்னொன்று. அவன் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கக் கூடாது என்று தெரிந்தும் அவனால் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"உனக்கு ஞாபகம் இருக்கோ? சின்னனில நான் இப்பிடித்தான் சுட்டுத் தாறனான். நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில. பெரிய வெள்ளிப் பெட்டி மாதிரி ஒரு கடை."

"அந்த டைனரோ? அது தெரியும். நாங்கள் ஞாயிற்றுக்கிழமையில போறனாங்கள்."

அவன் முன்னுக்குச் சாய்ந்தான். "அங்கேயோ? நிக் இருக்கிறாரோ? வயசான ஆள், கவுண்டருக்குள்ள நிப்பார்."

"நிக் ஆர்?"

"டொலோரஸ்?"

அவள் தலையாட்டினாள். அப்படி ஒருவரும் இல்லை. கடையை இப்போது வேறு ஆட்கள் எடுத்துவிட்டார்களாம். மெனு எல்லாம் டிவியில் ஓடுமாம். பான்கேக் பெரியது, அதற்குள் சொக்லேட் துண்டு, மேலே கிரீம். உருளைக்கிழங்கு முக்கோணமாக வரும், அதுதான் அவளுக்குப் பிடித்தது. அவள் கை விரலால் மேசையில் ஒரு முக்கோணம் வரைந்து காட்டினாள். அன்றைக்கு முதன்முறையாக உற்சாகமாகப் பேசினாள்.

"இதுவும் நல்லாயிருக்கு," என்றாள் பிறகு, அவன் முகத்தைப் பார்த்து. "ஆனா உண்மையான டைனர்ச் சாப்பாடு மாதிரி இல்லை. நீங்கள் ஒருக்கா அங்க வந்தால் தெரியும்."

"ஓம்," என்றான் அவன்.

நான்காவது பான்கேக்கோடு அவள் நிறுத்திவிட்டாள். வயிறு நிறைந்துவிட்டது என்றாள். மீதி ஆறையும் அவன் எடுத்துக்கொண்டு போய் அடுப்படியில் வைத்தான். ஒன்றைத் தின்று பார்த்தான். கோழி எண்ணெய் மணத்தது.

அவன் திரும்பி வந்தபோது அவள் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில்லாத முகத்தில் மட்டும் பழைய பிள்ளை கொஞ்சம் இருந்தது.

"நீங்கள் என்னோட கோவமோ?" என்று கேட்டாள்.

"ஏன் கோவம்? பான்கேக்குக்கோ?"

"இல்லை. சும்மா."

மீதி நேரம் இருவரும் வெளியே நடந்தார்கள். பஸ்ஸின் மேல்தட்டில் முன்னிருக்கையில் போக வேண்டுமென்று அவள் ஆசைப்பட்டாள். பிரிக்ஸ்டன் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார்கள். இறங்கும்போது அவன் தோளைப் பிடித்து இறங்கினாள். அந்த நாளில் அவனுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

பன்னிரண்டு மணிக்கு மயூரா வந்து, பிள்ளையைக் காருக்குள் இருக்கச் சொல்லிவிட்டு அவனோடு கடை வாசலில் நின்றாள்.

"அவருக்குச் சிங்கப்பூரில வேலை கிடைச்சிருக்கு," என்றாள். "ஓகஸ்டில குடும்பமாப் போறம். எல்லாப் பேப்பரிலயும் அவள் வேற பேரோட நிக்கிறாள். ஒவ்வொரு இடத்திலயும் தகப்பன்ர சம்மதம் எங்கை எண்டு கேக்கிறாங்கள். அவர் அவளைச் சட்டப்படி தன்ர பிள்ளையா எடுக்க விரும்புறார். அதுக்கு நீங்கள் விட்டுக்குடுக்கிறன் எண்டு சைன் பண்ண வேணும்."

அவன் காரைப் பார்த்தான். துஷ்யா நேரே முன்னால் பார்த்தபடி இருந்தாள்.

"அவளுக்குத் தெரியுமோ?"

"தெரியும். வரமுதலே சொன்னனாங்கள்."

கோவமோ என்று துஷ்யா கேட்ட கேள்வி அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

"நான் ஏலாது எண்டு சொன்னால்?"

மயூரா அழுதாள். அவள் அழுவாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. "நீங்கள் ஏலாது எண்டு சொல்லலாம்," என்றாள். "அதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு. நான் சண்டை பிடிக்க மாட்டன். ஆனா, ராசா, உங்களால அவளுக்கு என்ன செய்ய ஏலும்? நீங்கள் அங்க வர ஏலாது. இஞ்சயும் இருக்க விடுறாங்களோ தெரியாது. நான் குத்திக் கதைக்கேல்லை."

அவள் குத்திப் பேசவில்லை என்பது அவனுக்கும் தெரிந்தது. குத்திப் பேசியிருந்தால் மறுத்திருப்பான்.

"எப்ப சைன் பண்ண வேணும்?"

"திங்கட்கிழமை. இல்ஃபோர்டில ஒரு தமிழ் லோயர் இருக்கிறார். செவ்வாய்க்கிழமை எங்களுக்கு ஃபிளைட்."

கார் கிளம்பியபோது துஷ்யா கை காட்டினாள். அந்த மூன்று மணித்தியாலத்தில் அவள் அவனை ஒரு பெயராலும் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை காலையில் லோயரின் அறையில் எல்லாம் கால் மணித்தியாலத்தில் முடிந்தது. அவர் ஒவ்வொரு பந்தியாக வாசித்து, விளங்குதா விளங்குதா என்று கேட்டார். அவன் ஓம் ஓம் என்றான். யாரும் உம்மைக் கட்டாயப்படுத்தவில்லைத்தானே என்று கடைசியில் கேட்டார். இல்லை என்றான். நான்கு இடத்தில் கையெழுத்து வைத்தான். வெளியே வந்ததும் மயூரா, "சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டாள். அவன் ஓம் என்று பொய் சொல்லிவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தான்.

பாதி வழியில் நவரத்தினம் தொலைபேசி எடுத்தார். குரலே இல்லை. "அங்க ஆமி உள்ளுக்குப் பூந்திட்டாங்களாம், தம்பி. சனம் எல்லாம் செத்துப்போச்சாம். கடை பூட்டு. நீயும் வா."

அவன் வெஸ்ட்மின்ஸ்டரில் இறங்கினான். நாடாளுமன்றச் சதுக்கம் முழுக்க ஆட்கள். ரோட்டை மறித்து உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைவண்டியோடு பெண்கள், பள்ளிக்கூட உடுப்போடு பிள்ளைகள், சுற்றிவரப் பொலிஸ். நவரத்தினத்தை அந்தக் கூட்டத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. அவன் ஒரு கரையில் புல்லில் இருந்தான். எல்லோரும் கத்தியதை அவனும் கத்த வாயைத் திறந்தான். அழுகைதான் வந்தது. ஐந்து வருடமாக வராத அழுகை. அங்கே அதை யாரும் விநோதமாகப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த எல்லோரும் அழுதுகொண்டுதான் இருந்தார்கள்.

பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இருந்தாள். நகுலேஸ்வரி என்று பெயர் சொன்னாள். சவுத்தாலில் இருந்து வந்தவள். தங்கையும் தங்கையின் மூன்று பிள்ளைகளும் இருக்கிற படமொன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள்.

"தம்பி, உங்கட ஆர் அங்க?"

அவனுக்கு வன்னியில் ஒருவரும் இல்லை. அம்மா எப்போதோ செத்துவிட்டாள். அண்ணன் கொழும்பில் பத்திரமாக இருந்தான்.

"பிள்ளை," என்றான். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஐயோ. எத்தினை வயசு?"

"பத்து. பொம்பிளைப்பிள்ளை."

அந்தப் பெண் அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தாள். பிள்ளையின் பெயரைக் கேட்டாள். அவன் சொன்னான். அவள் மற்றப் பக்கம் திரும்பி, "இவற்ற மகள் அங்கயாம், துஷ்யாவாம், பத்து வயசாம்," என்று இன்னொருத்தியிடம் சொன்னாள். அவளும் எட்டி அவன் முதுகைத் தடவினாள்.

சொல்லிவிட வேண்டும் என்று அவன் நினைத்தான். என் பிள்ளை உயிரோடு இருக்கிறாள், நல்ல இடத்தில் இருக்கிறாள், நாளைக்கு விமானம் ஏறுகிறாள் என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட வேண்டும். படத்திலிருந்த மூன்று பிள்ளைகளையும் அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அந்த ஆறுதலை அவன் எடுத்தது களவு என்று அவனுக்கே தெரிந்தது. ஆனால் அந்தக் கையிலிருந்து தன் கையை இழுக்க மனம் வரவில்லை. கையெழுத்து வைத்த பிறகு அவனைத் தொட்ட முதல் ஆள் அவள்.

"கும்பிடுங்கோ, தம்பி," என்றாள் அவள். "தப்பி வந்திருப்பாள். கட்டாயம் வந்திருப்பாள்."

அவன் தலையாட்டினான். வெயில் சாய்ந்து, பொலிஸ்காரர்கள் ஒலிபெருக்கியில் கலைந்துபோகச் சொல்லத் தொடங்கும்வரை, அந்தப் பொய்யோடு அங்கேயே இருந்தான்.